பார்த்தது: செவ்வந்தி மாசாணம்

செவ்வந்திக்குக் 'கூடாது' என்று சொல்ல வராது. வாயில் கோளாறு ஒன்றும் இல்லை. சிங்காநல்லூரில் அவள் குடியிருக்கும் மாடியிலிருந்து பேசினால் தெருமுனை பேக்கரி வரைக்கும் கேட்கும். ஆனால் எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்து ஒன்றை மறுக்க வேண்டும் என்று வந்துவிட்டால், அந்த மறுப்பு வெளியே வருவதற்குள் இனித்துக் குழைந்து, மறுப்பா சம்மதமா என்றே தெரியாத ஒன்றாக ஆகிவிடும். தள்ளுவண்டிக்காரர் சொத்தைக் கத்தரிக்காயை எடைபோட்டால், "காயி நல்லாத்தானுங்க இருக்குது, எங்கூட்டுக்காரருக்குத்தான் கத்திரிக்கா ஆகாதுங்க" என்பாள். அவள் புருஷன் ஆல்வின், கத்தரிக்காய்க் குழம்பு என்றால் சட்டியை வழித்துச் சாப்பிடுகிற ஆள். அவள் சொன்ன பொய்யால், அந்தத் தெருவில் விசேஷ வீட்டுப் பந்தியில்கூட அவன் இலைக்குக் கத்தரிக்காய் வருவதில்லை.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை என்ன தெரியுமா? மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பது. விதிக்கும் கொஞ்சம் குசும்பு உண்டு.

பகலில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் வேலை. அது சம்பளத்துக்கு. அவள் மனசு கிடந்தது வேறோர் இடத்தில். 'ரிவுலெட்' என்று ஒரு மென்பொருள். நாலு பேர் சேர்ந்து ஒரு நிரலை எழுதும்போது, யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்பதை அடுக்கடுக்காகப் பத்திரப்படுத்தி வைக்கும். எங்கேயாவது தப்பு நடந்துவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பிப் போய்விடலாம். யாரும் விலை கொடுத்து வாங்க வேண்டாம்; யாரும் உள்ளே புகுந்து திருத்தம் எழுதலாம். உலகத்தின் எந்தெந்த மூலையிலோ இருப்பவர்கள் சம்பளமில்லாமல் அதை எழுதிக்கொண்டிருந்தார்கள். அதற்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்தவள் செவ்வந்தி. திரையில் வரும் கேள்விகளையும் எச்சரிக்கைகளையும் அவள்தான் தமிழாக்கினாள். மிஷின் கேட்பதென்றாலும் அவளுக்கு மரியாதை குறையக் கூடாது. 'வேண்டாத கோப்புகளை அழிக்கவா?' என்று எழுதிப் பார்த்தாள். அதட்டுகிற மாதிரி இருந்தது. 'அழிக்கட்டுங்களா?' என்று மாற்றிய பிறகுதான் நிம்மதி. கொங்குப் பக்கத்துக்காரி எழுதியது என்று படித்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். எழுதியதைச் சுத்தமாக எழுதினாள், எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள்.

பிறகு மெல்ல மெல்ல, மற்றவர்களின் திருத்தங்களைச் சரிபார்க்கும் பொறுப்பும் வந்தது. அங்கே ஒரு வழக்கம். எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் தான் எழுதியதைத் தானே உள்ளே சேர்த்துவிட முடியாது. இன்னொருவர் வரிவரியாகப் படித்து, ஓட்டிப் பார்த்து, கீழே 'பார்த்தது' என்று தன் பெயரைப் போட வேண்டும். போட்ட பெயர் அந்தத் திருத்தத்தோடு காலத்துக்கும் இருக்கும். பிற்பாடு யாராலும் எடுக்க முடியாது. கடைசிப் பெயர் என்ன என்று அந்த ஏற்பாடு விடாமல் கேட்டதால், அப்பா பெயரைச் சேர்த்து 'செவ்வந்தி மாசாணம்' என்று போட்டுக்கொண்டாள்.

ஒரு பொங்கலுக்கு வந்திருந்த அப்பாவிடம் அதைக் காட்டினாள். மாசாணம் லேப்டாப்புக்குக் குனிந்து, ஆங்கில எழுத்தில் இருந்த தன் பெயரை மகள் விரல் வைத்துக் காட்ட, உற்றுப் பார்த்தார்.

"இங்கிலீசுல என்ன கண்ணு எழுதியிருக்குது?"

"இதை இவிங்க பாத்தாங்கன்னு எழுதியிருக்குதுங்கப்பா."

"நானெங்க பாத்தேன்? நான் பாட்டுக்குத் தென்னைக்குத் தண்ணி உட்டுட்டுக் கெடக்கறேன். என்னத்தப் பாத்தேன்னு எம்பேரப் போட்டு வெச்சிருக்கே?" என்று சொல்லிச் சிரித்தார். ஆனால் ஊருக்குப் போனதும் தோப்பு முழுக்கச் சொல்லி முடித்துவிட்டுத்தான் மறுவேலை பார்த்தாராம்.

அந்தத் தோப்பு உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அப்புசாமி என்பவருடையது. மாசாணம் பிறந்ததிலிருந்து அங்கேதான். குடியிருப்பதும் தோப்புக்குள் இருக்கும் அப்புசாமி குடும்பத்துச் சாளையில்தான். ஓடு வேய்ந்த ஒற்றை அறை. செவ்வந்தியின் அம்மா போன பிறகு, சிங்காநல்லூருக்கு வந்து இருங்கள் என்று மகள் எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டாள். மனிதர் அசையவில்லை. மோட்டார் ரூம் சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. அதை வேறு யாரிடமும் அப்புசாமி கொடுத்ததில்லை. அந்தச் சாவிதான் மாசாணத்துக்கு ஊரில் இருந்த மரியாதை எல்லாம்.

அப்புசாமியின் மகன் அருள்குமார். செவ்வந்தியும் அவனும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. அவன் அவளை "செவ்வந்தி, இங்க வா" என்பான். அவள் "சொல்லுங்க" என்பாள். அது அப்படித்தான், யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை. கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. ரிவுலெட் என்று ஒன்று இருப்பதையே அவன்தான் அவளுக்குச் சொன்னான். நன்றாக எழுதுவான். பெங்களூரில் நல்ல வேலையில் இருந்தவனை, ஆட்களைக் குறைத்த கம்பெனி வீட்டுக்கு அனுப்பிவிட்டது. ஊருக்கு வந்து தோப்பில் நடந்துகொண்டிருந்தான். வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று, ரிவுலெட்டில் அவன் வேலையைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருந்தது. வரப்போகும் ரிலீஸில், அதாவது ரிவுலெட்டின் அடுத்த பதிப்பில், அவனுடைய பெரிய திருத்தம் ஒன்று இருந்தால் காரியம் முடிந்த மாதிரிதான். இதை அப்புசாமி நாலு கல்யாணத்தில் சொல்லியாயிற்று.

அந்தத் திருத்தம் சரிபார்ப்புக்காகச் செவ்வந்தியிடம் வந்தது. ரிலீஸைக் கட்டி மேய்ப்பவள் ஹைதராபாத்தில் இருந்த ஹாரிகா. திருத்தத்தில் தமிழ் எச்சரிக்கைகளும் தொடப்பட்டிருந்ததால், நீயே பார் என்று அனுப்பிவிட்டாள்.

ஒரு சனிக்கிழமைக் காலை. ஆல்வின் மோட்டார் காயில் சுற்றும் பட்டறைக்குக் கிளம்பிப் போனதும், செவ்வந்தி உட்கார்ந்து படித்தாள். படிக்கப் படிக்க ஆசையாக இருந்தது. வேண்டாத கோப்புகளைக் கூட்டித் தள்ளும் கட்டளை, பெரிய வேலைகளில் நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. அருள்குமார் அதைப் பிரித்துப்போட்டுப் புதிதாக எழுதியிருந்தான். என்ன சுத்தம்! எங்கேயும் ஒரு வரி கூடுதல் இல்லை. ஓட்டிப் பார்த்தாள், கண் மூடித் திறப்பதற்குள் முடிந்தது. "அடேங்கப்பா" என்று தனியாகவே சொல்லிக்கொண்டாள்.

அப்புறம்தான் அவளுக்கு ஒரு சந்தேகம் தட்டியது. ஒரே வேலையை இரண்டு ஃபோல்டர்களில் திறந்து வைத்திருப்பவர்கள் உண்டு. ஒன்றில் பாதியில் நிற்கும் வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றதில் உட்கார்ந்து வேறு எதையாவது எழுதிக்கொண்டிருப்பார்கள். அருள்குமாரின் நிரல் தான் நிற்கும் ஃபோல்டரை மட்டும்தான் பார்த்தது. பக்கத்து ஃபோல்டரில் ஒதுக்கி வைத்தவை அதன் கணக்கில் குப்பை. செவ்வந்தி தன் லேப்டாப்பில் அதேபோல் இரண்டு ஃபோல்டர் போட்டு, ஒன்றில் எதையோ எழுதி ஒதுக்கி வைத்துவிட்டு, மற்றதிலிருந்து கட்டளையைக் கொடுத்தாள். 'வேண்டாத கோப்புகளை அழிக்கட்டுங்களா?' என்று கேட்டது. ஆமாம் என்றாள். திரும்பிப் போய்ப் பார்த்தால் ஒதுக்கி வைத்தது இல்லை. நம்பாமல் மறுபடியும் செய்து பார்த்தாள். மறுபடியும் இல்லை.

ஒருத்தருடைய வேலையைப் பத்திரப்படுத்துவதற்கென்றே இருக்கும் ஒன்று, அவருடைய வேலையை அவரிடமே மரியாதையாகக் கேட்டுவிட்டு அழித்துப்போடுகிறது. இதைவிடப் பெரிய தப்பு அந்த மென்பொருளில் இருக்க முடியாது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். சந்தேகமே இல்லை.

தெரிந்த மனுஷி என்ன எழுதினாள்? ஆங்கிலத்தில் எழுதினாள். அதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: 'மிக அருமையான வேலைங்க சார். நிறையக் கற்றுக்கொண்டேன். சிரமம் இல்லையென்றால், நேரம் கிடைக்கும்போது, இரண்டு ஃபோல்டர் வைத்திருப்பவர்களையும் ஒரு தடவை நினைத்துப் பார்த்தால் நன்றாக இருக்குமோ என்று தோன்றுகிறது. நான் நினைப்பது தவறாகவும் இருக்கலாம்.'

அட கெரகமே! நினைப்பது தவறாகவும் இருக்கலாமாம்! இரண்டு தடவை ஓட்டிப் பார்த்து, இரண்டு தடவையும் அழிந்ததைக் கண்ணால் கண்டவள் எழுதுகிற எழுத்தா இது? மோட்டாரில் புகை வந்தால் 'மெயினை ஆஃப் பண்ணு' என்று கத்துவார்களா, சிரமம் இல்லையென்றால் என்று ஆரம்பிப்பார்களா? ஆனால் அவள் பழகியது அப்படி. அவள் ஊரில் இந்த மாதிரிச் சொன்னால் கேட்பவருக்குப் புரிந்துவிடும். 'பாக்கலாமுங்க' என்றால் நடக்காது என்று அர்த்தம். 'உங்க இஷ்டமுங்க' என்றால் செய்யாதீர்கள் என்று அர்த்தம். அருள்குமாரும் அதே மண்ணுதானே, அவனுக்குப் புரியும் என்று நம்பினாள்.

அவனுக்குப் புரியவும் செய்தது, அதில் ஐயமில்லை. ஆனால் புரிந்த மாதிரி அவன் காட்டிக்கொள்ளவில்லை. 'மிக அபூர்வமாக நடப்பது. அடுத்த ரிலீஸில் பார்க்கிறேன். பார்த்ததற்கு நன்றி' என்று எல்லாரும் படிக்கும்படி பதில் போட்டான்.

ஹாரிகா விடுவாளா? அவள் கறார் பேர்வழி. செவ்வந்திக்குத் தனியாக எழுதினாள். 'நீ சொன்னது தடையா, யோசனையா? தடை என்றால் ஒரே ஒரு வார்த்தை எழுது, நிறுத்திவிடுகிறேன். யாரும் உன்னைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். இங்கே அதற்குத்தான் ஆள் வைத்திருக்கிறோம். யோசனை என்றால் பெயரைப் போட்டு அனுப்பு. திங்கட்கிழமை ரிலீஸை மூடுகிறேன்.'

ஒரே ஒரு வார்த்தை. அங்கே சேர்ந்ததிலிருந்து செவ்வந்தி அந்த வார்த்தையை எழுதினதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா போன் செய்தார்.

"ஏங்கண்ணு, சின்னவரு ஏதோ உங்கிட்டக் கையெழுத்துக் கேட்டிருக்கறாராமா?"

செவ்வந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்கு ஆருங்கப்பா சொன்னாங்க?"

"பெரியவருதான். வாய்க்கா மேல நின்னுட்டு இருந்தேன், தானா வந்தாரு. உம்மவ கையெழுத்துப் போட்டாத்தான் எம்பையன் காரியம் ஆகுமாமா மாசாணா, ஒரு வார்த்தை சொல்லிப்போடுன்னாரு." அப்பா குரலில் பெருமை இருந்தது. அது அவள் காதில் விழாமல் இல்லை. அவர் வாழ்நாளில் அப்புசாமி அவரிடம் ஒரு காரியம் கேட்டு வந்தது அதுதான் முதல் தடவை. "எனக்கு வெசனமாப் போச்சு. நீ போட மாட்டேன்னியா?"

"அப்படியில்லீங்கப்பா. அதுல ஒரு தப்பு இருக்குதுங்க. அப்படியே உட்டா மத்தவங்க செஞ்சு வெச்ச வேலை அழிஞ்சு போயிருமுங்க."

"எல்லார்த்துக்குமா?"

இங்கேயும் பாருங்கள், அப்பாவிடம்கூட அவளால் முழுசாகச் சொல்ல முடியவில்லை. "எல்லார்த்துக்கும் இல்லீங்க. ஆரோ ஒருத்தரு ரெண்டு பேருக்கு."

"அப்பறம் என்ன? வெவரமான புள்ளைதான, பொறவு சரி பண்ணிக்குவாரு. உட்டுக்குடு கண்ணு. நாம இருக்கறது அவிங்க சாளைல. போட்டுக் குடுத்துப்போடு."

"பாக்கறேனுங்கப்பா" என்று போனை வைத்தாள். அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஆல்வின் என்ன ஏது என்று விசாரித்தான். சொன்னாள். "என்ற கத்திரிக்கா கதைதான் இதும். நீ ஒண்ணு சொல்லுவே, ஊரு ஒண்ணப் புரிஞ்சுக்கும், கடைசில எனக்குக் கொழம்பு இல்ல" என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கோபம்தான் வந்தது, அவன் சொன்னது சரி என்பதால்.

திங்கட்கிழமை மதியம், கம்பெனி கேண்டீனில் டிபன் பாக்ஸைத் திறக்காமலே வைத்துக்கொண்டு, ஹாரிகாவுக்குப் பதில் எழுதினாள். 'யோசனைதான். என் பக்கம் தடை இல்லை.' கீழே பெயரைப் போட்டாள். பார்த்தது: செவ்வந்தி மாசாணம்.

ரிலீஸ் வெளியானது. அருள்குமாருக்குப் பாராட்டு மழை. எவ்வளவு வேகம், எவ்வளவு வேகம் என்று ஊர்ப்பட்ட பேர் எழுதினார்கள். உடுமலையில் அப்புசாமி வீட்டிலிருந்து சாளைக்கு மைசூர்பாகு டப்பா வந்ததாம். அப்பா போனில் சொல்லும்போதே இனித்தது. வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் கடைசிச் சுற்றுக்கு அழைத்திருந்தார்கள். செவ்வந்தி தினமும் காலையில் எழுந்ததும், பல்கூட விளக்காமல், பயனர்களின் புகார்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத ஒவ்வொரு நாளும், ஒருவேளை நாம்தான் பயந்துவிட்டோமோ என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அப்புறம் ஒரு நாள் கிருபா எழுதினாள்.

மட்டக்களப்பில் ஆசிரியை. பார்வையில்லாத பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடங்களை வாசித்துக் காட்டும் நிரல் ஒன்றைத் தனியாளாக எழுதிக்கொண்டிருந்தவள். புகார்ப் பக்கத்தில் எல்லாரும் ஆங்கிலத்தில் எழுதுவார்கள். அவள் தமிழில் எழுதியிருந்தாள், ரிவுலெட் தன்னிடம் தமிழில் பேசியதால்.

'இரண்டு ஃபோல்டர் வைத்திருந்தேன். பின்னக் கணக்குப் பாடங்கள் முழுவதும் ஒன்றில் ஒதுக்கி வைத்திருந்தேன். சரிபார்த்த பிறகு சேர்க்கலாம் என்று இருந்தேன். வேறு பிரதி இல்லை. வேண்டாத கோப்புகளை அழிக்கட்டுங்களா என்று மரியாதையாகக் கேட்டது. அந்தக் கேள்வி எனக்கு எப்போதும் பிடிக்கும். வகுப்பில் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஓம் என்று கொடுத்தேன். எல்லாம் போய்விட்டது. நான் செய்த பிழை என்னவென்று யாராவது சொல்வீர்களா?'

செவ்வந்தி அதைப் படித்துவிட்டு அழுதாள். கம்பெனி என்றும் பார்க்கவில்லை, பக்கத்தில் ஆள் இருக்கிறது என்றும் பார்க்கவில்லை. 'அழிக்கட்டுங்களா' என்பது அவள் எழுதிய சொல். அதட்டக் கூடாது என்று யோசித்து யோசித்து எழுதிய சொல். அதை நம்பித்தான் அந்தப் பெண் ஓம் என்றிருக்கிறாள். நான் செய்த பிழை என்ன என்று கேட்கிறாளே! பிழை செய்தவள் இங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

அழிந்ததை மீட்க முடியுமா என்று பார்த்தார்கள். கிருபாவின் லேப்டாப்பில் என்னென்ன கட்டளை கொடுத்துத் தேட வேண்டும் என்று செவ்வந்தி படிப்படியாக எழுதி அனுப்பினாள். ஒன்றிரண்டு துண்டுகள் கிடைத்தன. பின்னக் கணக்கு கிடைக்கவில்லை.

ஹாரிகா கத்தவில்லை. திருத்தத்தை உடனே வெளியே எடு, ஏன் எடுக்கிறோம் என்ற காரணத்தை நீ எழுது, பார்த்தவள் நீதானே என்று மட்டும் சொன்னாள். எடுப்பவர் காரணம் எழுதுவது அங்கே வழக்கம். எழுதினால் அதுவும் காலத்துக்கும் நிற்கும்.

எழுத உட்காரும் முன்பே அருள்குமார் போன் செய்தான்.

"செவ்வந்தி, நடந்தது நடந்துபோச்சு. இப்படி வரும்னு ஆருக்கும் முன்கூட்டித் தெரியலைன்னு எழுதிப்போடு. முடிஞ்சுது."

"உங்களுக்கு நான் எழுதியிருந்தேனுங்களே..."

"நீ என்ன எழுதுனே? நேரம் கெடைக்கறப்பப் பாருங்கன்னு எழுதுனே. நேரம் கெடைக்கல." அவன் குரல் கொஞ்சம் தணிந்தது. "இங்க பாரு, அவிங்க இந்த வாரந்தான் முடிவு சொல்றாங்க. தெரிஞ்சே உட்டாங்கன்னு வந்தா எனக்கும் போச்சு, உனக்கும் போச்சு. தெரியலைன்னா ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல. உன்ற நல்லதுக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

அவள் நல்லதுக்கும் என்று அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தெரியாமல் போய்விட்டது என்று எழுதினால் அவள் பெயரும் தப்பித்துவிடும். கிருபாவும் யாரோ தெரியாமல் செய்தது என்று ஆறிப்போவாள்.

"பாக்கறேனுங்க" என்றாள் செவ்வந்தி.

அருள்குமார் இந்தத் தடவை அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். இவர்களோடு பெரிய ரோதனை.

அவள் எழுதினாள். முதல் வரி எழுதி அழித்தாள். 'துரதிர்ஷ்டவசமாக' என்று ஆரம்பித்து அழித்தாள். 'மன்னிக்கவும், ஒருவேளை' என்று ஆரம்பித்து, 'ஒருவேளை' என்ற சொல்லைப் பார்த்ததும் தன்மேலேயே ஆத்திரம் வந்து அதையும் அழித்தாள். கடைசியில் அவள் எழுதியது இது:

'இந்தக் குறையைச் சரிபார்க்கும்போதே நான் கண்டேன். என் கணினியில் இரண்டு முறை ஓட்டினேன். இரண்டு முறையும் கோப்புகள் அழிந்தன. எழுதியவரிடம் அதைத் தெளிவாகச் சொல்லவில்லை. தடையா என்று கேட்டார்கள். தடை இல்லை என்றேன். அது பொய். கிருபா, நீங்கள் எந்தப் பிழையும் செய்யவில்லை.'

ஒரு 'ங்க' இல்லை, ஒரு 'சார்' இல்லை. அருள்குமார் பெயரும் இல்லை. ஆனால் அவன் போட்ட 'அபூர்வமாக நடப்பது' என்ற பதில் பழைய பக்கத்தில் அப்படியே கிடந்தது. வேண்டியவர்கள் போய்ப் படித்துக்கொள்ளலாம். வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் படித்தார்கள் போலிருக்கிறது. அப்புறம் அவர்களிடமிருந்து அவனுக்குப் பேச்சே இல்லை.

கிருபா மட்டும் ஒரே ஒரு வரி எழுதினாள். 'கண்டும் விட்டீர்களா?' செவ்வந்தி நீளமாகப் பதில் எழுதினாள். பின்னக் கணக்குப் பாடங்களை மறுபடியும் எழுத நானும் கூட உட்காருகிறேன், எவ்வளவு நாளானாலும் சரி என்று எழுதினாள். அதற்குப் பதில் வரவில்லை.

அடுத்த வாரம் மாசாணம் போன் செய்து, உக்கடத்துக்கு பஸ் ஏறிவிட்டேன் என்றார். முன்கூட்டிச் சொல்லாமல் கிளம்புகிற மனிதர் அல்ல. செவ்வந்தி கம்பெனியில் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள். உடுமலை பஸ்ஸிலிருந்து ஒரு துணிப்பையோடு இறங்கினார். பையில் மாற்று வேட்டி இரண்டு, மனைவியின் போட்டோ. அவ்வளவுதான். பக்கத்து பேக்கரியில் உட்கார வைத்து டீ சொன்னாள். அவர் உட்காரும்போதே பழக்கத்தில் இடுப்பைத் தடவினார். அரைஞாண் கயிற்றில் சாவி இல்லை.

"சாவி எங்கீங்கப்பா?"

"பெரியவரு கேட்டாரு. குடுத்துப்போட்டேன்."

"சாளையக் காலி பண்ணச் சொல்லிட்டாருங்களா?"

"அதெல்லாம் சொல்லலை. சாவிய மட்டும் குடு மாசாணான்னாரு. அந்தாண்ட திரும்பிட்டு நின்னாரு. அப்பறம் நான் அங்க என்னன்னு இருக்கறது? சித்த நேரம் தென்னைக்கடியில நின்னேன். பஸ் ஏறிட்டேன்."

"என்னாலதானுங்கப்பா" என்றாள்.

மாசாணம் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே பஸ்கள் திரும்புவதைப் பார்த்தார்.

"நீ போன்ல சொன்னியே, அந்தப் பொண்ணு செஞ்சு வெச்ச வேலை எல்லாம் அழிஞ்சேதான் போயிருச்சா?"

"ஆமாங்கப்பா. கண்ணு தெரியாத புள்ளைங்களுக்காகப் பண்ணுனதுங்க. இன்னமும் எனக்குப் பதில் எழுதலீங்க."

"அதுல எம்பேரு இருக்குதா இன்னும்?"

"இருக்குதுங்க."

"எடுக்க முடியாதா?"

"முடியாதுங்கப்பா. நான் போனாலும், நீங்க போனாலும் அது இருக்குமுங்க."

"காட்டு."

போனை எடுத்துக் காட்டினாள். சின்ன எழுத்து. அவர் வாங்கிக் கண்ணுக்கு நெருக்கமாக வைத்துக்கொண்டார். மகள் விரல் வைத்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை. அந்த எழுத்துகளின் உருவம் அவருக்கு அந்தப் பொங்கலிலிருந்தே மனப்பாடம்.

"அன்னிக்கு நானெங்க பாத்தேன்னு கேட்டனே, நெனப்பிருக்குதா?"

"இருக்குதுங்க."

"இதுல பாத்தேனே. மத்தவங்க வேலை அழிஞ்சு போயிரும்னு நீ சொன்னதக் காதுல வாங்கிட்டுத்தான் போட்டுக் குடுன்னேன். பெரியவரு எங்கிட்ட வந்து கேட்டதுல தலகால் புரியல எனக்கு." போனை மேசையில் வைத்தார். "எம்பேரு அதுல இருக்கறது நாயந்தான் கண்ணு. என்ன சொல்றே?"

'அப்படியெல்லாம் இல்லீங்கப்பா, நீங்க என்ன பண்ணுவீங்க' என்ற சொல் அவள் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து இப்படி எத்தனை பேரைத் தேற்றியிருப்பாள். சாவி போய், தோப்புப் போய், ஒரு துணிப்பையோடு எதிரே உட்கார்ந்திருக்கும் அப்பாவைத் தேற்ற அதைவிட நல்ல சொல் கிடையாது. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாங்கப்பா" என்றாள்.